சித்தி வாசிக்கட்டும்

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீ எழுதி மாசக்கணக்காகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளுக்கு அக்கா வீட்டு விலாசம் மட்டும் கண்ணில் படாதோ!

மகள் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. எதைக் கேட்டாலும் உன் அத்தான் "பார்த்துக்கலாம்" என்கிறார். பார்ப்பது நான்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆலயத்தில் வேதபாடத்தைச் சித்திதான் வாசிக்கவேண்டும் என்று என் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். காதடியில் இருந்த அந்தக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்ததிலிருந்து உன் முகத்தில் இடதுபக்கம் அசைவதில்லை, பேச்சும் குழறுகிறது. மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உன்னை யாராவது பரிதாபமாகப் பார்த்தால் என்னால் தாங்க முடியாது. தொண்டை சரியில்லை என்று நீயே அவளுக்கு ஒரு வரி எழுதிவிடு. படம் எடுக்கும்போதும் நல்ல பக்கம் தெரிகிற மாதிரி நின்றுகொள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே, கண்ணு.

உன் அக்கா

மார்ச் 11

என் அருமை அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது. கோபமில்லை. படித்ததும் கொஞ்சம் அழுதேன், அதை மறைப்பானேன். இடதுகண் சரியாக மூடாததால் அது எந்நேரமும் அழுதுகொண்டுதான் இருக்கும். வலதுகண் அழுதால்தான் நிஜம்.

என் தொண்டை நன்றாகவே இருக்கிறது அக்கா. வேதத்தை வாசிக்காமல் தப்பிக்க ஒரு பொய் சொல்லச் சொல்கிறாயே, நியாயமா?

ஆபரேஷன் முடிந்த புதிதில் நானும் உன்னைப்போல்தான் நினைத்தேன். "கஸ்டமர் ஒரு மாதிரி பாக்குறாங்க, நீங்க உள்ள உக்காந்து லென்ஸ் தொடைங்க" என்றார் முதலாளி. உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆலயத்துக்கும் முக்காடு போட்டுக்கொண்டுதான் போவேன். ஒரு ஞாயிறு திருவிருந்தில் திராட்சரசப் பாத்திரத்தை வாயில் வைத்தேன். உதடு மூடாமல் அத்தனையும் வழிந்து வெள்ளைத்துணியில் சிந்திவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. போதகர் நிதானமாகத் துடைத்தார். "அவசரமில்லம்மா, உங்களுக்காகத்தானே இது" என்று மறுபடி பாத்திரத்தை நீட்டினார். பின்னால் வரிசை முழுவதும் காத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆண்டவருடைய இந்த விருந்து மேசைக்கு முகம் பார்த்து யாரையும் கூப்பிடவில்லை. என்னை உண்டாக்கி, எனக்காக உயிரையும் கொடுத்தவர் என்னைத் தம் பிள்ளை என்கிறார். அதற்கப்புறம் கடைத்தெருவில் யார் என்ன பேசினால் எனக்கென்ன?

மறுநாள் முதலாளியிடம், "நான் முன்னாடிதான் சார் உக்காருவேன்" என்றேன். இன்றுவரை முன்னாடிதான். கண்ணாடி மாட்டிவிடும்போது எல்லார் முகத்தையும் கிட்டத்தில் பார்க்கிறேன். ஒரு காது மேலே இருக்கும், ஒன்று கீழே இருக்கும். அதற்கேற்ப கம்பியை வளைத்துக் கொடுப்பேன். மாட்டிக்கொண்டு, "நல்லாருக்கா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள்!

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். ப, ம வரும் இடங்களில் விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். நேரமாகும், அவ்வளவுதான்.

உனக்குச் சங்கடமாக இருந்தால் நீயே மகளிடம் சொல்லிவிடு. பின்வரிசையில் உட்கார்ந்து வாய்நிறையப் பாடிவிட்டு வருவேன். உன்மேல் துளிகூட வருத்தமிருக்காது. பொய் மட்டும் சொல்லமாட்டேன்.

உன் சின்னு

மே 2

சின்னு,

கல்யாணம் முடிந்து நீ கிளம்பிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நேரில் சொல்ல நினைத்ததை எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே, சித்தி வேண்டாம் என்று சொல்ல மகளின் அறைவாசல்வரை போனேன். உள்ளே அவள் யாரிடமோ, "எங்க சித்தி வாசிக்கிறதக் கேளு, அப்புறம் சொல்லு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று ஆலயத்தில் நீ வாசிக்க எழுந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதல் வரியிலேயே தடுமாறினாய். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்த வார்த்தையைக் காணோமே என்று நிமிர்ந்து பார்த்தேன். நீ கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அதே வரியை முதலிலிருந்து ஆரம்பித்தாய். யாரையும் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிக்கவில்லை. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரே ஒருவர் முன்னால் நிற்கிறவளைப்போல நின்றாய். அதற்கப்புறம் நான் தலையைக் குனியவே இல்லை.

சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்து, "யாரு அவங்க?" என்று கேட்டார். "என் கூடப்பிறந்தவ!" என்று நான் சொன்ன சத்தத்தில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

சின்ன வயதிலிருந்தே நம் வீட்டில் என்னைத்தான் அழகி என்பார்கள். அந்தப் பேச்சு எங்கே குறைந்துவிடுமோ என்று பயந்தே என் காலம் போய்விட்டது. மகள் கல்யாணத்தன்று காலையில்கூட நான் ஜெபம் பண்ணவில்லை, தலைமுடியைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப்போல் ஒருநாளாவது நான் நிம்மதியாக நின்றதில்லையடி.

இன்று காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் முழங்காலில் நின்றேன். என்ன கேட்பதென்றே தெரியவில்லை. "ஆண்டவரே, என் தங்கச்சியப் பாக்குற மாதிரி என்னையும் பாரும்" என்று மட்டும் சொன்னேன்.

அக்கா