அண்ணைக்கும் எனக்கும் ஒரே சட்டம்

12 மே 1985, ஞாயிறு
ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் முடிந்து லண்டன் நோர்பரி வீட்டுக்கு வந்தால் அண்ணை மேல் அறைக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கிறார். பியற்றிஸுக்காம். யாழ்ப்பாணத்தில் ரீச்சர், ஆகஸ்டில் பள்ளித் தவணை முடிய விசாவுக்குப் போடுவாள், இவர் வரவழைத்துக் கட்டுவார். கிடைத்துவிடும்.
நான் கலியாணம் கட்டி இரண்டு வருடம். என் கணவர் அருட்பிரகாசத்தை ஊரிலிருந்து கூப்பிட எனக்கு உரிமை இல்லை. அண்ணைக்கும் எனக்கும் இங்கே வாழ ஒரே நிரந்தர அனுமதி. ஆனால் ஆண் கூப்பிட்டால் மனைவி வரலாம், பெண் கூப்பிட்டால் கணவன் வர ஏலாது. ஏன்?

29 மே
ஸ்ட்ராஸ்பேர்க் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் என்னைப்போல மூன்று பெண்கள் வென்றுவிட்டார்கள்! கணவர்மாரைத் தடுத்தது பால் பாகுபாடு என்று தீர்ப்பு. வார்ட்டில் அந்தப் பேப்பர்த் துண்டை வெட்டிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன்.
அண்ணை கேக் வாங்கி வந்தார். “இனி மச்சானும் வருவான், பார்!”

20 ஜூலை
அரசாங்கம் சட்டத்தை மாற்றுகிறது. இனி நானும் கணவரைக் கூப்பிடலாம். ஆனால், லண்டனுக்கு வருவதற்காகக் கட்டவில்லை என்று அவர் நிரூபிக்க வேண்டும். ஆண்கள் கூப்பிடும் பெண்களுக்கும் இனி அதே சோதனை. சமம்தான். நான் வென்றேனா? மூன்று தரம் வாசித்தும் விளங்கவில்லை.

3 செப்டெம்பர்
பியற்றிஸின் விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசியில் வந்த புதுச் சட்டத்தில் மாட்டிவிட்டது. அண்ணை என்னோடு பேசுவதில்லை.

16 பெப்ரவரி 1986
கொழும்பில் விசா அதிகாரிகள் பியற்றிஸிடம் கேட்டார்களாம், மாப்பிள்ளை ஏன் இலங்கைக்கே வந்து வாழக்கூடாது என்று. “இஞ்ச பெடியளை ஆமி பிடிக்குது, அதாலதான் நான் அங்க போறன்” என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். லண்டன் போகத்தான் கலியாணம் என்று எழுதி மறுத்துவிட்டார்கள்.
அருளிடமும் அதே கேள்வி. “மனிசியின்ர வேலை அங்க” என்றாராம். கிடைத்துவிட்டது.
சந்தோஷப்படலாமா?
குசினியில் அண்ணை சொன்னார்: “உன்னில கோவமில்லை. ஆனா அந்தத் தீர்ப்பு வராட்டி அவள் இப்ப இஞ்ச.”
“அப்ப அருள் வராமலே இருந்திருக்கோணுமோ அண்ணை?”
அவர் கேத்திலில் தண்ணீர் நிரப்பினார். எனக்கும் தெரியேல்லையே — யாரைக் கோவிக்கிறது?

22 மார்ச், சனி
ஹீத்ரோவுக்கு அண்ணைதான் கார் ஓட்டினார். நான் கேட்கவில்லை. அருள் வெளியே வந்ததும் அண்ணை முந்திப்போய்ச் சூட்கேசை வாங்கினார்.
“பியற்றிஸைக் கண்டனியோ மச்சான்?”
“ஓம். இன்னும் படிப்பிக்கப் போய்வாறா. மெலிஞ்சிட்டா.”
அண்ணை சூட்கேசை ஏற்றிவிட்டுக் காரை எடுத்தார். பின் சீட்டில் அருள் என் கையைப் பிடித்தார். அண்ணை கண்ணாடியில் கண்டுவிடுவாரோ என்று மெதுவாக இழுத்துக்கொண்டேன்.