காலியாகக் கிடந்த நாற்காலிகள்

திருவனந்தபுரம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு அஜிதா எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா?

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே விற்ற எங்களுக்கு ஒருவழியாக உட்கார ஸ்டூல் போட்டுவிட்டார்கள். கால் வீக்கம் வற்றிவிட்டது.

போன வாரம் இதைக் கேட்டுத்தான் பெண்கள் சங்கம் கூட்டம் வைத்தது. பெண்களுக்குச் சட்டம் வந்தால் போதும் என்றார் ஒருவர். முதலாளித்துவம் ஒழியவேண்டும் என்றார் இன்னொருவர். கடைசியாகப் பேசிய டீச்சர், அடுக்களையிலிருந்தே தொடங்கவேண்டும் என்றார். விற்பனைப் பெண்கள் நாங்கள் சுவரோரம் நின்றே கேட்டோம். "மக்களே, கசேர சும்மா கிடக்குதே, இரிக்கப்படாதா?" என்று டீச்சர் கேட்டபிறகுதான் காலி நாற்காலிகள் கண்ணில் பட்டன. சிரித்துவிட்டோம்.

நின்றபோது கால்வலிதான் தெரிந்தது. உட்கார்ந்தால் வீட்டு நினைப்பு வருகிறது. தம்பியிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்புங்கள்.

அடுக்களை என்றதும் உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இடைவேளை முடிகிறது. இந்தக் கடிதத்தையாவது உட்கார்ந்து படியுங்கள், அம்மா.

அஜிதா