கயிறு பிடிப்பவன்

மார்ச் 9, திங்கள்.

உலகம் அழிந்த பிறகு ஆட்கள் இறங்கித் தேடும் பாதாள அறை ஒன்றை வீடியோ கேமுக்காக வடிவமைத்திருக்கிறேன். சுவரெல்லாம் என் நக்கல் வாசகங்கள். பெருமை தாங்காமல் இன்று அக்காவிடம் காட்டினேன். திரையில் ஒருவன் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினான். அக்கா சிரிக்கவில்லை.

"ஏலே, மேல கயித்த யாரு பிடிச்சிருக்கா?"

"யாரும் வேண்டாங்கா. கேம்தான."

முன்பு கடலில் சங்கு குளிக்க இறங்கிய அத்தானுக்குத் தோணியில் கயிறு பிடித்தவன் நான். அது மச்சினன் வேலை என்பது எங்கள் வழக்கம். அக்காளின் தாலிக்காகவாவது கவனமாக இருப்பானாம். நானோ பக்கத்துத் தோணிக்காரனிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தேன். தூக்கச் சொல்லி அத்தான் கீழிருந்து கயிற்றை இழுத்தது எனக்குத் தெரியவே இல்லை. தூக்கியபோது மூச்சு இல்லை.

"மேல கயிறு பிடிக்க ஒரு ஆளப் போடுல," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

போட்டுவிட்டேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். அவனுக்கு வாய் மட்டும் வைக்கவில்லை.