முதலில் விட்ட மீன்

மாப்பிள்ளை,

இன்று காலை தவளக்குப்பத்தில் பஸ் ஏறும்போது என் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் காய்ந்த கடற்பாசித் தாள் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "கருவாடு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, மீனுக்குச் சாப்பாடு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். கருவாட்டு வாசனையில் மீனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற கிழவனை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? எல்லாம் உங்களால் வந்தது. உப்பளம் ஸ்டாப்பில் இறங்கி உங்கள் வீட்டு வாசலை மிதிக்கும்வரை மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன்.

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களைத் திட்ட எனக்கு வழியில்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்தக் கூடாது என்று தங்கை கலாவின் கல்யாணத்தன்றே அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். வயதில் நீங்கள் எனக்குச் சற்று இளையவர்தான். ஆனாலும் நீங்கள் உள்ளே வந்தால் நான் எழுந்து நின்றேன். நீங்கள் தப்பாக எதையாவது சொன்னால், "அதுவும் சரிதான் மாப்ள" என்று ஆரம்பித்துத்தான் மறுப்பைச் சொன்னேன். ஆரம்பத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மறுப்பைக் காற்றில் விட்டுவிடுவீர்கள். இத்தனை வருஷ பாக்கியை இந்தக் கடிதத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்புகிறவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள். மற்ற சொல்தாக்கள் திரும்பி வந்து வீடு கட்டினார்கள், சாயங்காலத்தில் கூடி இரும்பு உருண்டை வீசி விளையாடினார்கள். நீங்கள் ஹாலில் எட்டடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்தீர்கள். கூப்பிடு தூரத்தில் கடல் இருக்க, மூட்டை மூட்டையாக உப்பு வாங்கி, வடிகட்டின தண்ணீரில் கலக்கி, வீட்டுக்குள் தனியாக ஒரு கடல் செய்தீர்கள். கேட்டதற்கு, "அது படகு போற தண்ணி மச்சான். டீசலா இருக்கும்" என்றீர்கள். அந்த ஒன்று மட்டும் நிஜமாகவே சரி.

தொட்டிக்கு என்ன மீன் என்பதில்தான் நம் சண்டை தொடங்கியது. பட்டாளத்து வேலையாக ஜிபூத்தியில் இருந்தபோது, ஒரு லீவு நாளில் கடலில் நீந்திக்கொண்டிருந்த உங்களை ஒரு மீன் துரத்தியதாம். உடம்பு முழுக்க நீலமும் கறுப்புமாக மெல்லிய கோடு, வாலடியில் ஆரஞ்சுப் பொட்டு, அந்தப் பொட்டில் கத்தி மாதிரி ஒரு முள். துப்பாக்கி பிடித்த மனுஷனை முழ நீளம்கூட இல்லாத மீன் கரைவரைக்கும் விரட்டியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அதை வெளியே சொல்லமாட்டார்கள். நீங்கள் அன்றிலிருந்து அதன்மேல் மரியாதை வைத்துவிட்டீர்கள். டாங் என்று கடைக்காரர்கள் சொல்கிற அந்த வகையில் சாதுவானவை எத்தனையோ இருக்க, அதிலேயே பெரிய முரடன்தான் உங்களுக்கு வேண்டியிருந்தது.

நான் கதிர்காமத்து ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்துப் பார்த்து ரிட்டையர் ஆனவன். எதையும் படிக்காமல் தொடமாட்டேன். உங்களுக்காக உட்கார்ந்து படித்தேன். கலா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து சொன்னேன். டாங் மீன்களில் முதலில் தொட்டிக்குள் போனது அந்த இடத்துக்குச் சொந்தக்காரன் ஆகிவிடும். அதனால் சாதுவை முதலில் விட வேண்டும், முரடனைக் கடைசியில்தான் விட வேண்டும். அப்புறம், உடம்பு வாகில் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதைச் சேர்க்கக் கூடாது. தன் சாடை இருக்கிற மீனைக் கண்டால்தான் அதற்கு ஆத்திரம் அதிகம்.

"அதெப்படி மச்சான்? மூத்தவன் வெளிய நிக்க சின்னவன் உள்ள போவானா?" என்றீர்கள்.

உங்கள் அண்ணனுக்குப் பெண் அமைகிற வரைக்கும் வருஷக்கணக்கில் காத்திருந்து கல்யாணம் பண்ணிக்கொண்டவர் நீங்கள். கலாவும் கூடவே காத்திருந்தாள் என்பதால் அந்தக் கதை எனக்கு நன்றாகத் தெரியும். வரிசை தப்பினால் குடும்பம் குலைந்துவிடும் என்பது உங்கள் கட்சி. குடும்பத்துக்குச் சரி, மீனுக்கு எதற்கு அந்தச் சட்டம்? சென்னையில் இருந்து பிளாஸ்டிக் பைகளில் வந்த நாலு மீனில் பெரியது அந்தக் கோடு போட்டவன். அவனை முதலில் விட்டு, கலாவைத் தொட்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டச் சொன்னீர்கள். ஒரு வாரம் அவன் ராஜாவாக உலாவிய பிறகு மற்ற மூன்றையும் விட்டீர்கள். "வுவாலா" என்று பிரெஞ்சில் சொல்லிக் கை தட்டினீர்கள். 

அவன் வாகிலேயே இருந்த வெளிர்நீல மீன் மறுநாளே துடுப்பெல்லாம் கிழிந்து மூலையில் ஒண்டியது. நான் போன் செய்யும்போதெல்லாம், "பழகிடும் மச்சான்" என்றீர்கள். அது செத்த அன்று, "பழகிடும்னுதான் பார்த்தேன்" என்றீர்கள். இன்னொன்று துரத்தல் தாங்காமல் தொட்டியை விட்டே குதித்து, கலா வீடு பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் கிடைத்தது. அவள் அழுதாள். நீங்கள் போய் வலையில் ஒரு மூடி வாங்கி வந்தீர்கள். மூன்றாவதும் போன பிறகு, முரடனை வெளியே எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "மூத்தவன வீட்ட விட்டுத் தள்ளச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு என்னை ஏதோ கொலைகாரனைப்போலப் பார்த்தீர்கள். அதற்குமேல் மாப்பிள்ளையிடம் என்ன பேசுவது? காப்பியை முடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். காய் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எதிலும் யாரையும் கேட்பதில்லை, இதில் மட்டும் கேட்டுவிடுவீர்களா?

காரியமெல்லாம் முடிந்த பிறகு பின்கட்டில் கை கழுவப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி இருந்தது. புது மீனுக்கு நோய் ஏதும் இருக்கிறதா என்று கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்க்கிற தொட்டி. அதில் மூன்று டாங். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், இன்னொன்று பிரஷ் மாதிரி வாயால் பாசியைச் சுரண்டித் தின்கிற பழுப்பு. மூன்றும் சின்னது, மூன்றும் சாது. ஒன்றின் வாகு மற்றொன்றுக்கு இல்லை. கோடு போட்டவன் சாடை எதிலுமே இல்லை. சோபா நுனியில் உட்கார்ந்து நான் சொன்னது அத்தனையும் அந்தத் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

கலாவைக் கேட்டேன். "ஒங்கண்ணங்கிட்ட இப்ப சொல்லாத, நானே சொல்லிக்கிறேன்னாருண்ணே" என்றாள்.

எப்போது சொல்வதாக இருந்தீர்கள்? "மச்சான், நீங்க சொன்னதுதான் சரி" என்று ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் முத்து உதிர்ந்திருக்குமா? அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடி எனக்கு உங்கள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கோபத்தோடு வேறொன்றும் வந்தது. அதைச் சொல்லி உங்களுக்கு இடம் கொடுக்கப் போவதில்லை.

நீங்கள் சேர்த்துவைத்த தலைவலி அதோடு நிற்கவில்லை. சின்னத் தொட்டியில் அந்த மூன்றும் வளர வளர இடம் போதவில்லை, நிறம் வெளிற ஆரம்பித்தன. பெரிய தொட்டியில் விட்டால் முரடன் கொன்றுவிடுவான். அவனை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். "அவரு ஆசைப்பட்டு வாங்குனது, குடுக்க மாட்டேன்" என்றாள் கலா. அப்படியானால் இந்த மூன்றையும் கொடுக்கலாம் என்றேன். "அதுவும் அவரு வாங்குனதுதான்" என்றாள். மிச்சம் இருந்தது ஒரே வழி. முரடனைப் பிடித்துக் கொஞ்ச நாள் வெளியே வைக்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கிற கல்லையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக விட்டு, அவை ஊன்றிக்கொண்ட பிறகு அவனை விட வேண்டும். அப்போது அவன் புது ஆள், அவனுக்கென்று பழைய இடம் எதுவும் இருக்காது.

கல் என்றதும் கலா முகம் மாறிவிட்டது. ஜிபூத்தியில் நீங்கள் நீந்திய கரையைப்போலவே வரவேண்டும் என்று நாள்கணக்கில் குப்புறப் படுத்து அடுக்கியது அது. "கல்லுல மட்டும் கை வைக்காதண்ணே. அவரு வச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றாள்.

கல் மட்டுமில்லை, மாப்பிள்ளை, அந்த வீட்டில் எதுவுமே நகரவில்லை. உங்கள் செருப்பு கழற்றிப் போட்ட கோணத்திலேயே கிடந்தது. உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. உங்களைப் பற்றி ஒரு குறை காதில் விழக் கூடாது அவளுக்கு. உங்கள் அண்ணன் ஒரு நாள், "பிடிவாதக்காரப் பய" என்று ஆசையாகச் சொன்னதற்கே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மூன்று மீன்களோடு சேர்ந்து என் தங்கையும் வெளிறிக்கொண்டிருந்தாள். மீன் செத்தால் வேறு மீன் வாங்கலாம். எனக்கிருப்பது ஒரே தங்கை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் போன் செய்தாள். "மஞ்சா மீனு சாப்பிடலண்ணே. நீ வா."

போனேன். "கல்ல எடுக்காம ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றேன். "கல்லு அப்டியே இருக்கட்டும். கையால பிடிக்க முடியுதான்னு பாரேன்" என்றாள். முடியாது என்று தெரிந்தும் அவள் முகத்துக்காகக் கையை விட்டேன். நீங்கள் அருமையாகக் கட்டிக்கொடுத்திருந்த குகைக்குள் அவன் போய் ஒட்டிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன். வாலை ஒரு வீசு வீசினான். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கை கிழிந்தது. உப்புத் தண்ணீர் வேறு. ரத்தம் புகை மாதிரி தொட்டிக்குள் பரவியது.

கலா பயந்து ஓடிவருவாள் என்று நினைத்தேன். அவள் உங்கள் போட்டோ பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்க. நான் கெடக்குறேன், இந்த மீனு கெடக்குது, இந்தக் கல்லு கெடக்குது. எங்கண்ணன் எத்தினி வாட்டி தலையால அடிச்சிக்கிச்சு. காதுல வாங்குனீங்களா? நெஞ்சு வலிக்குதுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே டாக்டராண்ட போலாம்னு நான் சொன்னனே, கேட்டீங்களா? என்னிக்காவது ஒரு நாள், யாரு சொல்றதையாவது கேட்டீங்களா?"

நெஞ்சு வலி முன்பே வந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். பாழாய்ப் போன மனுஷரே, அதையுமா பழகிடும் என்று விட்டீர்கள்?

அவள் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். நான் இத்தனை வருஷம் சேர்த்துவைத்திருந்த ஏச்செல்லாம் அவள் ஏச்சுக்கு முன்னால் கால் தூசு. கடைசியில் குரல் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே என் கையில் துண்டைச் சுற்றினாள். அழுதுகொண்டே முந்தானையை இழுத்துச் செருகி, தோள்வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டு, நீங்கள் அடுக்கிய கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். ஹால் முழுக்கத் தண்ணீர். ஒளிய இடமில்லாத முரடன் ஒரு வாளிக்குள் அடங்கிவிட்டான்.

என் கைக்குத் தையல் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் கலா கல்லை மறுபடி அடுக்கத் தொடங்கியிருந்தாள். ஜிபூத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. துரத்தினால் நுழைந்து தப்பிக்கிற மாதிரி சந்து சந்தாக அவள் பாட்டுக்கு வைத்திருந்தாள். மூன்றையும் ஒன்றாக விட்டோம். மஞ்சள் அன்றைக்கே கல்லைக் கொத்தித் தின்றது. பின்கட்டில் பெரிய டிரம்மில் பம்பு போட்டு வைத்திருந்தவனை மாசி கடைசியில் உள்ளே விட்டோம். அவன் கோபத்தைத் திருப்புவதற்கு ஒரு பக்கக் கண்ணாடிக்கு வெளியே உங்கள் ஷேவிங் கண்ணாடியைக் கலா சாய்த்து வைத்தாள். தன் குகையைத் தேடி தொட்டியை இரண்டு முறை சுற்றினான். காணவில்லை. பிறகு கண்ணாடியில் தெரிந்த தன்னையே முறைத்துக்கொண்டு நின்றான். மஞ்சளை ஒரு தரம் துரத்தினான், அது சந்துக்குள் புகுந்துகொண்டது. அவ்வளவுதான். இன்றுவரை நாலும் உயிரோடு இருக்கின்றன. என் உள்ளங்கையில் அவன் போட்ட கோடு மட்டும் கையை மடக்கினால் இழுக்கிறது.

நான் படித்துச் சொன்னது அத்தனையும் பலித்தது, மாப்பிள்ளை. இப்போது அந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தண்ணீர் மாற்றலாமா என்றால், "சரிண்ணே." விளக்கைக் குறைக்கலாமா என்றால், "நீ சொன்னா சரிதாண்ணே." என்ன சொன்னாலும் தலையாட்டுகிற வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இன்றைக்குக் கலா, "அஞ்சாவதா இன்னொண்ணு விடலாமாண்ணே?" என்று கேட்டாள். அவளாக ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டது நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. கூடாது, இருக்கிற இடம் நாலுக்குத்தான் என்று பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் நீங்கள் குறுக்கே வந்து எனக்குள் உட்கார்ந்துகொண்டீர்கள். "எட்டடி வீட்ல நாலு பேருதானா மச்சான்?" என்றீர்கள். நாலுக்குமேல் கூடாது என்றேன். நீங்கள் விடவில்லை. உங்கள் பக்கத்தையும் நானே பேசி, என் பக்கத்தையும் நானே பேசி, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை சண்டை ஓயவில்லை.

அதிலும் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள்.