ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கினார்களா?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் மாமா நலம். நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அவசரப்பட்டு அங்கே தாவிவிடாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகம் சுளிப்பாய். போனில் நீ எங்கே பேசினாய்? உன் மனைவியைப் பேச வைத்தாய். பாவம், அவள் தயங்கித் தயங்கி, “அக்கா, அந்த ரிப்போர்ட்ல ரெண்டு பக்கமும் கை குடுத்தாங்கன்னு ஒரு டிக் போட்டா போதுமாம். யாரு பாக்கப் போறா?” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் போனை வைப்பதற்குள், “என்ன சொன்னா?” என்று பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. பக்கத்தில்தான் நின்றிருக்கிறாய். என்னோடு நாலு வார்த்தை பேச உன் வாய்க்கு அவ்வளவு கஷ்டம்.

போட்டிக்காக மூன்று நாள் இந்த ஊரில் இருந்தாய். நீ தங்கிய லாட்ஜிலிருந்து நம் வீடு நாலு தெரு. மாமா உனக்காக மாடி அறையைக் கழுவி, மின்விசிறிக்கு எண்ணெய் போட்டு, கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்து வைத்தார். நீ ஊருக்குப் போனபின் விரிப்பை அவரே மடித்து உள்ளே வைத்தார். நீ ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் மேஜைப்பந்து இறுதி ஆட்டத்துக்கு நடுவராக நான் உட்கார்ந்திருக்கவே கூடாது. வரவேண்டியவருக்குக் காய்ச்சல் என்று என்னைக் கூப்பிட்டார்கள். “ஆடுகிற ஓர் அணியின் பயிற்சியாளர் என் தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நீ ஒரு மணி நேரமாவது என் பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும். அந்த அற்ப ஆசைதான். நீ ஸ்கோர் பலகையைப் பார்த்தாய், மேஜையைப் பார்த்தாய், கூரை விளக்கைக்கூடப் பார்த்தாய்.

உன் அணிப் பெண் நன்றாக ஆடினாள். அதை மறைக்க மாட்டேன். எதிரே ஆடியவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு இடத்தில் நிற்காமல் தத்திக்கொண்டே இருப்பாள் என்பதால் அரங்கத்தில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுகிறார்கள். தோற்றாள். மட்டையை இடது கைக்கு மாற்றினாள், வலது கையைச் சட்டையில் துடைத்தாள், வலைப் பக்கம் வந்து கையை நீட்டினாள். இந்தக் காலத்துப் பெண் ஒருத்திக்கு இந்தப் பழைய வழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கே ஆச்சரியம். உன் அணிப் பெண் உன்னைப் பார்த்தாள். நீ குனிந்து பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாய். ஜெயித்தவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, நீ பார்க்கவில்லை. “கை குடுக்குறவ நாளைக்கு டீம்ல இருக்க மாட்டா” என்று முந்தைய நாளே நீ சொல்லிவிட்டாயாம். அரங்கம் முழுக்கத் தெரிந்த ரகசியம்.

உன் கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் உன் அணியில் ஒருத்தியின் மட்டையில் ஒட்டியிருந்த ரப்பர் விதிப்படி இல்லை என்று குருவியின் அணிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். சோதித்தார்கள், தப்பு நிரூபணமாகி அவளை ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள், உன்னையும் எச்சரித்தார்கள். அந்தப் புகாரை எழுதியது அவர்கள் மேலாளர். குருவிக்கு அதில் என்ன பங்கு?

நாம் ஆட வந்த காலத்தில் தோற்றவர் முதலில் கை நீட்ட வேண்டும், ஜெயித்தவர் இறுகப் பிடிக்க வேண்டும், பிறகு இருவரும் நடுவரிடம் வர வேண்டும். அழுதுகொண்டே வந்து கொடுத்தவர்கள் உண்டு. செத்த மீன் மாதிரி கொடுத்தவர்கள் உண்டு. எலும்பு நொறுங்கப் பிடித்து, “நல்லா இரும்மா” என்று பல்லைக் கடித்தபடி வாழ்த்திவிட்டுப் போன புண்ணியவானும் உண்டு. அடுத்து வந்தவர்கள் உள்ளங்கையோடு உள்ளங்கையைத் தட்டினார்கள். அதற்கடுத்தவர்கள் தோளை இடித்துக் கட்டிக்கொண்டார்கள். ஊரெல்லாம் நோய் வந்தது, மட்டையால் மட்டையைத் தட்டினார்கள், முழங்கையைக் காட்டினார்கள், முஷ்டியைக் காட்டினார்கள். நோய் போய்விட்டது, முஷ்டி மட்டும் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி நின்றுவிட்டது. நடுவருக்கு அதுவும் இல்லை, தூரத்திலிருந்து ஒரு தலையாட்டல். இப்போது உன் உபயத்தில் இது புதுசு. முன்பெல்லாம் கோபப்பட்டவன் தன் கையைத்தான் மடக்குவான். நீ கோபப்பட்டு அடுத்தவள் கையை மடக்க வைக்கிறாய்.

உண்மையைச் சொன்னால், அந்தத் தலையாட்டல் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நீட்டிய கையோடு குருவி ஒரு கணம் நின்றாள். பிறகு அந்தக் கையைக் கீழே போடாமல் அப்படியே என் நாற்காலிக்கு வந்து நீட்டினாள். நான் கொடுத்தேன். அவள் விடவில்லை. இன்னொரு கையையும் மேலே வைத்து மூடிக்கொண்டு என் காதருகே குனிந்து, “ஆன்ட்டி, உங்க கை நடுங்குது. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க” என்றாள். தோற்று இரண்டு நிமிஷம் ஆகவில்லை, அவமானப்பட்டு ஒரு நிமிஷம் ஆகவில்லை, அவள் சொன்னது இது.

இரண்டு வருஷமாகவே நடுக்கம் உண்டு, தம்பி. புள்ளி கொடுக்கச் சட்டென்று கையை உயர்த்தினால் நடுங்காது. சும்மா மடியில் வைத்தாலோ, நீட்டியபடி நிறுத்தி வைத்தாலோதான் நடுங்கும். அதனால் ஸ்கோர் அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளினேன். யாரும் கையைத் தொடாதபோது யாருக்குத் தெரியப் போகிறது? மாமாவுக்கே தெரியாது. குருவி சொன்னபின் போய்ப் பார்த்த நரம்பு டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், கட்டைவிரலை ஆள்காட்டி விரலால் தட்டச் சொன்னார், ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். பத்தாவது வாக்கியம் எறும்பு சைஸுக்கு வந்துவிட்டது. நடுக்குவாதம் என்றார். மாத்திரையால் வேகத்தைக் குறைக்கலாம், போக்க முடியாது என்றார். இந்தக் கடிதத்திலும் எழுத்து வரவரச் சின்னதாகிறது பார். உன்மேல் உள்ள கோபத்தில் நெருக்கி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

நீட்டிய கையைத் திருப்பி எடுத்துக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நீ எனக்குக் கற்றுக்கொடுத்தாய். மாநில அணிக்கான தேர்வு ஆட்டம். அன்றைக்கும் வேறு நடுவர் இல்லை என்று நான்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கும் வாயைத் திறந்து மறுக்கவில்லை. கடைசி செட், பத்தொன்பதுக்கு இருபது. நீ அடித்த பந்து மேஜையில் பட்டுக் கீழே பாய்ந்தது. மேல் விளிம்பில் பட்டது என்றாய் நீ. பக்கவாட்டில் பட்டது, செல்லாது என்றேன் நான். நீ தோற்றாய். எதிராளிக்குக் கை கொடுத்தாய். எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த துணை நடுவருக்குக் கொடுத்தாய். என்னைத் தாண்டிப் போனாய். முந்நூறு பேர் பார்க்கிறார்கள். நீட்டிய கையை மெல்ல வலைப் பக்கம் கொண்டுபோய், வலையின் கயிறு தளர்ந்துவிட்டது போலவும் நான் அதைச் சரிசெய்வது போலவும் நடித்தேன். அதன் பிறகு உன் கல்யாணத்துக்கு வந்தேன், அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த அன்று பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அன்றைக்கும் நீ என் கையைத் தொடவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அந்தப் பந்து எங்கே பட்டது என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. ஆடியது வேறு யாராக இருந்தாலும், சந்தேகம் என்று சொல்லி அந்தப் புள்ளியைத் திரும்ப ஆட வைத்திருப்பேன். நீ என் தம்பி. தம்பிக்குச் சலுகை காட்டிவிட்டாள் என்று ஒருத்தரும் பேசிவிடக் கூடாது என்ற பயத்தில், என் நல்ல பேருக்காக, உன் வாய்ப்பைப் பலி கொடுத்தேன். நேர்மையான நடுவர் என்று அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை இத்தனை வருஷமும் வெட்கமில்லாமல் சுமந்தேன். நீ எனக்குக் கை கொடுக்காதது சரிதான்.

இனி அறிக்கை. அச்சடித்த தாளில் ஏழாவது வரி, “ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கினார்களா?” ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். “இல்லை” என்றால் விசாரணை வரும், ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவன் நீ, பதவி போய்விடும். எல்லாம் தெரியும். உனக்கு ஒரு புள்ளி பாக்கி வைத்தவள் நான், அதை இந்தக் கட்டத்தில் தீர்த்துவிடலாமே என்று இரண்டு நாள் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை, தம்பி. அன்றைக்கு நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன். இன்றைக்குப் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அந்தப் பொய்யும் இந்தப் பொய்யும் ஒன்றாகிவிடும். அதற்கு நடுவில் அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

“இல்லை” என்ற கட்டத்தில் குறி போட்டேன். பயிற்சியாளர் என் தம்பி, அதை முன்கூட்டியே சொல்லாதது என் குற்றம் என்றும் கீழே எழுதினேன். உன் அணிப் பெண்மேல் தவறில்லை, பயிற்சியாளர் சொன்னபடி செய்தாள் என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு, கூடவே நடுவர் பொறுப்பிலிருந்து விலகல் கடிதமும் வைத்து, இன்று காலையில் தபாலில் சேர்த்துவிட்டேன். கடைசிக் கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

அந்தப் பழைய புள்ளிக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் குறிக்காகக் கேட்க மாட்டேன். இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளாதே. கோபப்பட வேண்டுமென்றால் எதற்குப் படுகிறாய் என்று தெரிந்துகொண்டு படு.

மாமாவிடம் நோயைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். மாடி அறையை அவர் மறுபடியும் கழுவி வைப்பார், அவரைத் தடுக்க முடியாது. விசாரணைக்கு நீ இந்த ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும். லாட்ஜுக்குப் போகாதே. சண்டை போடவாவது வீட்டுக்கு வா. வந்தால் தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிட்டு உட்காராதே, முஷ்டியையும் காட்டாதே. நான் வாசலில் வந்து கையை நீட்டுவேன். நீட்டிய கை நடுங்கும். இந்த முறை நீ தாண்டிப் போனால், சரிசெய்வது போல் நடிக்க என் முன்னால் வலை இருக்காது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா