டத்தோவின் பாட்டிலில் உன் முகம்

ஸ்கூடாயில் வேலை முடிந்து வரும் வழியில், வண்டிகள் நகராமல் நின்ற ஒரு மாலை, பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கித் தண்ணீர் வாங்கப் போனேன். குளிர்பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் நீ வரிசையாக நின்றுகொண்டிருந்தாய். டத்தோ பட்டம் வாங்கிய அந்த முதலாளியின் நிறுவனம் விற்கும் இனிப்புத் தண்ணீர். விளையாட்டு வீரர்களுக்கான பானம் என்று சொல்லி விற்பார்கள். நம் கைப்பந்து அணியில் ஒருத்திகூட அதை விரும்பிக் குடித்ததில்லை. பாட்டிலைச் சுற்றி ஒட்டிய தாளில் உன் சிரிப்பு. அதன் கீழே, உன் பெயரில் அவர்கள் நடத்தப்போகும் நினைவுக் கோப்பைக்கான அறிவிப்பு. ‘எங்கள் குடும்பத்தின் வீராங்கனை’ என்று மலாயிலும் தமிழிலும் போட்டிருந்தார்கள்.

படத்தில் உன்னை வெள்ளையாக்கியிருந்தார்கள். கன்னத்தில் இருந்த பரு வடுக்கள் இல்லை. மூக்கைக்கூடக் கொஞ்சம் கூராக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் உன் தோளில் ஒரு கை இருந்தது. விரல்களில் வெள்ளை டேப் சுற்றிய, கறுத்த, சின்னக் கை. அந்தக் கைக்குரியவளைப் படத்திலிருந்து வெட்டியவர்கள் கையை எடுக்க மறந்துவிட்டார்கள். ஒரு பெண்ணை ஒழித்துக்கட்டும் வேலையைக்கூட ஒழுங்காக முடிக்கத் தெரியாத ஆட்கள்.

அது நம் அணிப் புவனாவின் கை என்று எனக்குத் தெரியும். அந்தப் படம் எடுத்த அன்று நானும் பக்கத்தில்தான் நின்றேன். கடைக்காரப் பையன் பணம் கேட்கும்வரை நான் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டத்தோவை நாம் முதலில் சந்தித்தது ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில். யாருடைய தயவும் இல்லாமல் அந்த வருடம் லீக்கில் மூன்றாவதாக வந்திருந்தோம். நீ அணித்தலைவி, பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர். நான் வலை ஓரத்தில் நின்று தடுப்பவள். பெண்கள் கைப்பந்துக்குப் பணம் போட ஒருவர் முன்வருகிறார் என்றதும் நான் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தேன். நீ பயிற்சி உடையிலேயே வந்தாய். அவர் நம் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அணியின் படங்களைத் தன் கைபேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“டீம் ஸ்ட்ரோங்காத்தான் இருக்கு,” என்றார். “போஸ்டர்தான் ஸ்ட்ரோங்கா இல்லையேமா.”

“போஸ்டர் பந்து எடுக்காது டத்தோ,” என்றாய்.

அவர் சிரித்தார். தன்னிடம் இப்படிப் பேசும் பெண் புதுமையாக இருந்திருப்பாள். முதல் பருவத்துக்குப் பணம் வந்தது. நல்ல காலணிகள் வந்தன, வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் வந்தது, படிக்கிற பெண்களுக்கு மாதம் ஏதோ ஒரு தொகை வந்தது. காலணிகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அதை மறுக்க முடியாது. பதிலுக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் அவருடைய பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். நீ மூடியைத் திறக்காமலே பிடிப்பாய். படத்தைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். அவர்கள் எதையும் கூர்ந்து பார்ப்பவர்கள் இல்லை.

இரண்டாவது பருவத்தில் புவனா விஷயம் ஆரம்பித்தது. கோத்தா திங்கியைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து வருவாள். வருடக் கடைசியில் ஆறு ஏறிவிட்டால் வீட்டுச் சாமானையெல்லாம் மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு, அண்ணனின் லோரியில் பயிற்சிக்கு வந்து சேருவாள். குள்ளம். நல்ல கறுப்பு. நம் லிபரோ அவள்தான்; பின்வரிசையில் நின்று, எதிரி அடிக்கிற பந்து தரையைத் தொடாமல் எடுப்பது அவள் வேலை. அவள் எடுத்துக் கொடுக்காவிட்டால் நீ தூக்கிக் கொடுக்கப் பந்து ஏது, நான் அடிக்கப் பந்து ஏது? நம் அணியின் பலம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவளுடைய இரண்டு முன்கைகளில்தான் இருந்தது.

டத்தோ அதே ஹோட்டலுக்கு மறுபடி கூப்பிட்டார். தன் விளம்பர அதிகாரியையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்.

“அந்த லிபரோ பொண்ணு இருக்குல்ல,” என்று ஆரம்பித்தார். “மத்தவங்க எல்லாம் ஒரு கலர் சட்டை, அதுக்கு மட்டும் வேற கலர். லைவ்ல கேமரா சும்மா சும்மா அங்கதான் போகுது. நம்ம பிராண்டுக்கு ஒரு லுக் இருக்கும்மா. கோலாலம்பூர்ல ஒரு பொண்ணு இருக்கு, உயரம், சிவப்பு, இன்ஸ்டாகிராம்ல நிறைய ஃபாலோவர்ஸ். அதைப் போடுங்க.”

“அந்தப் பொண்ணு பந்து எடுப்பாளா?”

“கத்துக்கும்லா.”

நீ வாயை மூடாமல் ஒரு கொட்டாவி விட்டாய். அதிகாரி குனிந்து தன் கோப்பியைக் கலக்கினார். டத்தோவின் முகம் சுருங்கியது.

“பணம் போடறவன் நான். எனக்கு ஒரு பேச்சு இருக்கக் கூடாதாம்மா?”

“தாராளமா பேசுங்க டத்தோ. யார் ஆடுறதுன்னு மட்டும் நான் முடிவு பண்றேன்.”

பருவத்தின் நடுவிலேயே பணத்தை நிறுத்தினார். அதைக் கொண்டுபோய்த் தலைநகரத்து அணி ஒன்றுக்குக் கொடுத்தார். ஏற்கெனவே லீக்கில் எல்லாரையும்விடப் பணக்கார அணி அது. இருப்பவர்களுக்கே இன்னும் கொடுப்பதற்குப் பெயர் விளையாட்டு வளர்ச்சி என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். லீக் அலுவலகத்தில் முறையிட்டோம். அங்கிருந்த செயலாளர், “ஸ்பான்சர்கிட்ட கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்லா,” என்றார். வெளியே வந்து, “இவர் தடுக்கி விழுந்தாலும் யாராவது ஸ்பான்சர் பண்ணினாத்தான் எந்திரிப்பாரு,” என்றாய். கார் நிறுத்துமிடம் முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

காரணத்தைப் புவனாவிடம் சொல்லக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினாய். பஸ் போய்விட்டது. சொந்தக் கார்களில் நெருக்கி உட்கார்ந்து போனோம். ஸ்கூடாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் பயிற்சி முடிந்து வரும் நாள்களில் சோறும் கோழிக் குழம்பும் போட்டார். கடைப் பெயரை நம் சட்டையில் ஒட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். அவர் கூச்சத்தில் கல்லாவுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு, “அட, இதெல்லாம் எதுக்கும்மா,” என்றார். மூன்று பருவங்களில் நான் பார்த்த ஒரே மரியாதையான ஸ்பான்சர் அவர்தான்.

பிறகு டத்தோவின் புது அணி நம் ஊருக்கு ஆட வந்தது. வெளிநாட்டிலிருந்து இரண்டு உயரமான அடிப்பாளர்களை இறக்கியிருந்தார்கள். ஆடுவதற்கு முன் ஒரு நடனக்குழு. அரங்கம் முழுக்க அவருடைய பாட்டில்கள் காற்றடைத்த பலூன்களாக நின்றன. முன்வரிசையில் டத்தோ குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“உயரத்தை வாங்கிட்டாங்க,” என்றாய் எங்களைக் கூட்டி நிறுத்தி. “குனியற முதுகை வாங்கலை. ரெண்டு பேருக்கும் காலடியில போடுங்க.”

முதல் இரண்டு செட்டும் போய்விட்டன. நம் பெண்கள் உன் சொல்லை விடாமல் அந்த இருவரின் காலடிக்கே சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது செட்டில் அவர்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான்காவதில் ஒருத்தி பயிற்சியாளரிடம் கையை விரித்தாள். ஐந்தாவது செட்டில், கடைசிப் புள்ளிக்கு, அவர்களில் உயரமானவள் முழு பலத்தோடு மூலைக்கு அடித்தாள். நான் கையைத் தூக்கித் தவறவிட்டேன். பந்து தரைக்குப் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பினால், புவனா மூலையில் படுத்திருக்கிறாள், பந்து மேலே நிற்கிறது. நீ எனக்குத் தூக்குவாய் என்று எதிரில் மூன்று பேரும் என்மேல் பாய்ந்தார்கள். நானும் குதித்தேன். நீ யாருக்கும் தூக்கவில்லை. ஒற்றைக் கையால் வலைக்கு அந்தப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டாய். அது விழுவதை அவர்கள் நின்று பார்த்தார்கள்.

புவனா ஓடி வந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டாள். டத்தோவின் ஆள்தான் அந்தப் படத்தை எடுத்தான். வேறு யாரிடமும் நல்ல கேமரா இல்லை. முன்வரிசையில் டத்தோவின் நாற்காலி காலியாக இருந்தது. ஆட்டம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்.

அந்த ஒரு ஆட்டத்தால் எதுவும் மாறிவிடவில்லை. கோப்பை அவர்களுக்குத்தான் போனது. அடுத்த பருவத்தில் ஸ்பான்சர் உத்தரவாதம் இல்லாத அணிகளைச் சேர்க்க மாட்டோம் என்று லீக் சொல்லிவிட்டது. பாயின் கோழிக் குழம்பை அவர்கள் உத்தரவாதமாக ஏற்கவில்லை. அணி கலைந்தது. நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வர ஆரம்பித்தாய். அப்புறம் வயிற்றில் வலி என்றாய், அப்புறம் ஆஸ்பத்திரி. கடைசி வாரங்களில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, “நான் போனதும் எல்லாரும் வந்து நல்லவ நல்லவன்னு பேசுவானுங்க. நீ எந்திரிச்சு வெளிய போய் ஒரு தே தாரிக் குடி,” என்றாய்.

உன் சாவு வீட்டுக்கு டத்தோ மலர்வளையம் அனுப்பியிருந்தார். நிறுவனத்தின் பெயர் பெரிதாக, உன் பெயர் சின்னதாக. அதிலும் ஓர் எழுத்து பிழை. நான் எழுந்து வெளியே போனேன்.

பாட்டிலைப் பார்த்த மறுவாரம் அந்த விளம்பர அதிகாரி அழைத்தார். நினைவுக் கோப்பையை நான் மேடையில் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். நேரில் போனேன். டத்தோ நரைத்திருந்தார், உன்னைப் பற்றிக் கண் கலங்கிப் பேசினார். கலங்கியது உண்மையாகவே இருக்கலாம். அந்த மாதிரி ஆட்களுக்குக் கண்ணீர் எளிதாக வரும்.

“இந்தப் படம் எப்ப எடுத்ததுன்னு தெரியுமா டத்தோ?” என்று கேட்டேன்.

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பாட்டிலைப் பார்த்தார்.

“உங்க டீமை நாங்க ஜெயிச்ச அன்னிக்கு. தோள்ல இருக்கிற கை, நீங்க வேணாம்னு சொன்ன பொண்ணோடது.”

டத்தோ பாட்டிலைத் தன் பக்கம் திருப்பினார். “பார்க்க வேற மாதிரி இருக்கே,” என்றார். அதிகாரியிடம் திரும்பி, “அடுத்த பிரிண்ட்ல அந்தக் கையை எடுத்துடுங்க,” என்றார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்துப் போன என்னைத்தான் சொல்ல வேண்டும். கோப்பையைக் கொடுக்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு நடிகை வந்து கொடுத்தாளாம்.

அந்தக் கோபத்தோடேயே உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவிடம் சொல்லி அந்தப் படத்தைத் தடுத்துவிடலாம் என்று எண்ணம். கூடத்தில் சாமி படங்களுக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், அந்தப் பாட்டில் இருந்தது. பூ வைத்திருந்தார்கள்.

“கேட்டாங்க, சரின்னுட்டேன் கௌரி,” என்றார் உன் அம்மா. “இத்தனை வருஷம் ஆடினா, ஒரு பேப்பர்ல பெருசா முகம் வரலை. இப்பவாவது கடை கடையா இருக்கட்டும். அழகா இருக்கால்ல?”

“இருக்கா ஆன்ட்டி,” என்றேன். வேறு என்ன சொல்ல? டத்தோவை இகழ்வதற்கு எனக்கு உரிமை இருந்தது. அந்தப் பூவை எடுக்க இல்லை.

புவனா இப்போது பல்கலைக்கழகப் பெண்களையும் தோட்டத்துப் பெண்களையும் சேர்த்து ஓர் அணி நடத்துகிறாள். அடுத்த பருவம் லீக்கில் சேர வேண்டுமாம். ஸ்பான்சர் தேட என்னை இழுத்துக்கொண்டு அலைகிறாள். “நீங்க பேசுங்க கௌரிக்கா, எனக்கு வாய் வராது,” என்கிறாள். என் முகம் இந்த வேலைக்கு லாயக்கில்லை. மனத்தில் நினைப்பது அப்படியே முகத்தில் எழுதியிருக்கிறது. போன சனிக்கிழமை பொந்தியானில் ஓர் இரும்புச் சாமான் கடை முதலாளியைப் பார்த்தோம். புவனா காரிலேயே இருந்துகொண்டாள். அவர் கோப்பி வாங்கிக் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார்.

“பொண்ணுங்க எப்படிம்மா?”

“நல்லா ஆடுவாங்க அங்கிள். பின்வரிசை ரொம்ப பலம்.”

“அது சரி. பார்க்க எப்படி இருப்பாங்க?”

கோப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

“குடுக்கலையா?” என்று புவனா காரில் கேட்டாள்.

“இல்ல.”

“சரி. பத்து பகாட் டவுன்ல டயர் கடைக்காரர் ஒருத்தர் வரச் சொல்லியிருக்காரு.”

நீ போன பிறகு எல்லாரும் உன் பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். உனக்குப் பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை. இளக்காரம் இருந்தது. அந்த ஆட்கள்மேல் துளி மதிப்பில்லாமலே, நம் பெண்களுக்காக அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்தாய், சரிப்படாதபோது எழுந்தாய், மறுபடியும் இன்னொருவன் முன்னால் போய் உட்கார்ந்தாய். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். உனக்கு அது லேசாக இருந்தது, எனக்குக் கனக்கிறது. ஆனாலும் கீழே வைக்கவில்லை.

டயர் கடைக்காரரும் அதையேதான் கேட்பார். தெரிந்துதான் வண்டியைப் பத்து பகாட் பக்கம் திருப்பினேன்.