எட்டாவது ஆளுக்கும் எண்ணெய்

அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? அங்கேயும் சாரல் உண்டா? இங்கே ஆனி பிறந்ததிலிருந்து குற்றாலத்தில் நல்ல தண்ணீர். நாம் எப்போதும் உட்காரும் பாறையில், தேங்காய்ச் சிரட்டை நிறைய நல்லெண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறேன். தலைக்கும் காலுக்கும் தேய்த்தாயிற்று. நடு முதுகுக்குக் கை எட்டவில்லை. பங்குனியில் உங்களைச் சிற்றாற்றங்கரையில் எரித்துவிட்டு வந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. இந்த எண்ணெய் வாசனைதான் படுத்துகிறது. எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்த மடலை மனதுக்குள்ளேயே சொல்கிறேன்.

எண்ணெய் செங்கோட்டைச் செக்கில் ஆட்டியது. அந்தச் செக்குக்காரர் தன் காளையோடு மலையாளத்தில்தான் பேசுவார். அதற்குத் தமிழ் புரியாதாம். சரி, அது கிடக்கட்டும். செங்கோட்டை என்றாலே அந்த ஊர் அணியோடு நாம் ஆடிய சடுகுடு ஆட்டம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. நம் தென்காசி அணிக்கு நீங்கள் தலைவர். தோற்ற அணியின் தலைவர், ஜெயித்த ஏழு பேருக்கும் அருவிக்கரையில் தன் கையால் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்பது இரண்டு ஊருக்கும் பேச்சு. "பின்னால நின்னு ஏவுதவன் தலைவன் இல்லலே" என்பீர்கள். எப்போதும் முதலில் எதிர்ப்பக்கம் பாடிப் போவது நீங்கள்தான். அன்று போன வேகத்தில் பிடிபட்டு வெளியே உட்கார்ந்தீர்கள். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரும் வெளியே. உள்ளே நான் ஒருத்தன்.

எதிரணியில் பனைமரம் மாதிரி ஒருவன் பாடிக்கொண்டு வந்தான். அவனை மடக்கினால் நீங்கள் மறுபடி உள்ளே வரலாம். நீங்கள் கோட்டுக்கு வெளியே, முழங்காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்திருந்தீர்கள். நான் பின்னால் பின்னால் போனேன். குதிகால் பின்கோட்டைத் தாண்டியது. ஆட்டம் முடிந்தது, தோற்றோம். வழுக்கிவிட்டது என்றேன்.

நம் ஆட்கள் சும்மா விடுவார்களா?

"பொண்டாட்டி ஞாபகத்துல ஆடுதான் பாருங்க!" என்றான் ஒருவன்.

நீங்கள் எழுந்தீர்கள். "ஏலே, நிறுத்துங்க. அவனைக் கடைசியில விட்டது நான்தானே? ஏசணும்னா என்னை ஏசுங்க."

இந்தப் பாறையில்தான் ஜெயித்த ஏழு பேரும் வரிசையாகக் குந்தினார்கள். ஒருவர் விடாமல் தேய்த்தீர்கள்.

"நல்லா அழுத்தித் தேயும் அண்ணாச்சி. ஏழாவது ஆளுக்கு மிச்சம் வையும்!" என்று அந்தப் பனைமரம் சிரித்தான்.

"கவலைப்படாதலே. எட்டாவது ஆளுக்கும் இருக்கு" என்றீர்கள். பிறகு எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டீர்கள். "இங்கன வாலே. குனி."

உச்சியில் எண்ணெயை வைத்தபடி காதோடு கேட்டீர்கள். "எப்பிடிலே வழுக்குச்சு?"

"ஈரம் அண்ணாச்சி."

"சரி."

அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில், மற்றவர்கள் முணுமுணுக்க, மறுபடியும் என்னையே கடைசி ஆளாக உள்ளே வைத்தீர்கள். அன்று மடக்கினேன். நீங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து உள்ளே வந்தீர்கள், தினமும் நடக்கிற காரியம் போல.

நம் ஆட்களில் இரண்டு பேர் கொழும்புக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். இரண்டு பேர் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை. ஒருவன் காய்ச்சலில் போனான். பிறகு ஒவ்வொரு சாரலுக்கும் நாம் இருவர்தான் வந்து, மாற்றி மாற்றி முதுகு தேய்த்துக்கொண்டோம். இப்போது மறுபடியும் உள்ளே நான் ஒருத்தன். யாரை மடக்கினாலும் வெளியிலிருந்து எழுந்து வர ஆள் இல்லை.

உங்கள் முதுகு என் பக்கம் திரும்பியிருக்கும்போது, இந்த வருஷமாவது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். முகத்தைப் பார்க்க வேண்டாமே. ஆனாலும் வாய் வராது. இப்போது சொல்கிறேன், அண்ணாச்சி. அன்று வழுக்கவில்லை. மூன்று நாளாகச் சாரலே இல்லை, மண் காய்ந்து கிடந்தது. அவனைப் பார்த்துப் பயந்து, நானாகத்தான் காலை வெளியே வைத்தேன். அதே மண்ணில்தானே நீங்களும் உட்கார்ந்திருந்தீர்கள். தெரிந்துதான் "சரி" என்றீர்களா? தெரிந்துதான் மறுபடியும் என்னையே...

"அண்ணாச்சி! ஓய் அண்ணாச்சி, உம்மத்தான்! தனியாவா இருக்கியோ? எனக்கு நடு முதுகுக்குக் கை எட்டலை. கொஞ்சம் தேச்சு விடுதியளா?"

யாரோ வெளியூர்க்காரர். சிரட்டையில் இன்னும் ஒரு ஆளுக்கு எண்ணெய் இருக்கிறது. இதோ, அவருக்குத் தேய்த்துவிட்டு வந்து...